இரண்டு மடிப்பு

மார்ச் 4

டெய்லரக்காவுக்கு,

என்னை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் சொல்கிறேன். போன மாதம் எட்டாம் தேதி வெள்ளிக்கிழமை கிடங்கு எரிந்ததில் செத்துப்போனாரே வாட்ச்மேன், அவருடைய மனைவி நான். இப்போது வேறு ஊரில் தங்கை வீட்டில் இருக்கிறேன். இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை. ஒரு நாளைக்கு நானூறு மடிக்கிறேன். கை மடித்துக்கொண்டே இருக்கும், மனசு எங்கேயோ இருக்கும்.

அவருடைய சட்டைப்பையில் உங்கள் கடை ரசீது இருந்தது. புதுக் கலர் யூனிஃபார்ம் பேன்ட் ஒன்று, கால் உயரம் குறைக்க. டெலிவரி "புதன்" என்று எழுதி, அதை அடித்துவிட்டு "சனி" என்று எழுதியிருக்கிறீர்கள். டெய்லர் சொன்ன தேதியில் துணி வந்தால் அன்றைக்கு மழை பெய்யும் என்பார்கள், அதனால் நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. சனிக்கிழமை வாங்கிக்கொள்ள அவர் இல்லை, அவ்வளவுதான்.

புதன்கிழமை உங்கள் கடையிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தார். "ஒரு காலு தைச்சு ஜம்முனு தொங்குது, இன்னொரு காலு தரையைக் கூட்டுது. வெள்ளிக்கிழமைலேர்ந்து புதுக் கலர் போடாம கேட்ல நிக்க விடமாட்டாங்கக்கான்னு சொன்னா, அப்ப லீவு போடுங்கங்கறாங்க டெய்லரக்கா. என் மேல என்ன பாசம் பாரு!" என்றார். நானும் சிரித்தேன்.

அந்தப் பேன்ட்டை அனுப்பிவையுங்கள். இங்கே போட்டுக்கொள்ள யாரும் இல்லை. ஆனாலும் அது உங்கள் கடையில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தால் எனக்கு என்னவோ போல் இருக்கிறது. விலாசம் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
வாட்ச்மேன் மனைவி


மார்ச் 11

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. என்ன சொல்லி ஆறுதல் சொல்வது என்று தெரியவில்லை. அவர் மிகவும் தன்மையான மனிதர். கடைக்குள் வரும்போது செருப்பை வெளியே விட்டுவிட்டு வருவார், நான் வேண்டாம் என்று சொன்னாலும் கேட்கமாட்டார்.

பேன்ட் தாமதமானதற்குக் காரணம், அந்தக் கலருக்கு ஒத்த நூல் தீர்ந்துவிட்டது. அந்த வாரம் எனக்குக் கைவலியும் இருந்தது. லீவு போடச் சொன்னது சும்மா பேச்சுக்குச் சொன்னது. வாடிக்கையாளர்களிடம் அப்படித்தான் ஏதாவது சொல்லிச் சமாளிப்போம்.

இரண்டு காலும் தைத்து, இஸ்திரி போட்டு, இதனுடன் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். பெற்றுக்கொள்ளவும். பழைய ரசீது உங்களிடம் இருந்தால் கிழித்துப் போட்டுவிடலாம். இனி அது தேவைப்படாது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
டெய்லர்


மார்ச் 19

டெய்லரக்காவுக்கு,

பார்சல் வந்தது. மடியில் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. வேறு ஒன்று வந்தது.

அக்கா, நான் தையல் தெரியாதவள்தான். ஆனால் நாள் முழுக்க துணி மடிக்கிறவள். விரிப்பின் ஓரம் என் விரலில் ஓடிக்கொண்டே இருக்கும், எது புதுசு, எது பழசு, எது அவசரத்தில் அடித்தது என்று பார்க்காமலே சொல்லிவிடுவேன். உங்கள் பேன்ட்டில் வலது கால் கைத்தையல் எண்ணிவைத்த மாதிரி இருக்கிறது. வெளியே ஒரு புள்ளி தெரியவில்லை. இடது கால் கோணல் மாணல். ஒரு தையல் நீளம், ஒன்று குட்டை, ஓர் இடத்தில் துணியே சுருங்கியிருக்கிறது. நூல் இரண்டு காலிலும் ஒரே நூல். தீர்ந்துபோனது என்றீர்களே, எது தீர்ந்துபோனது?

இரண்டு காலையும் ஒரே ஆள் தைத்திருக்கிறார், ஆனால் ஒரே மனசோடு தைக்கவில்லை. வலது காலுக்கும் இடது காலுக்கும் நடுவில் உங்களுக்கு என்ன ஆயிற்று?

இன்னொன்றும் சொல்கிறேன், உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். யூனிஃபார்ம் இல்லை என்று அவர் வேலைக்குப் போகாமல் இருக்கவில்லை. அடுத்த ஷிப்ட்காரர் ஒருவர், நெட்டையர், அவருடைய பேன்ட்டை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு போனார். இவர் உயரம் உங்களுக்குத் தெரியும், டேப் வைத்துப் பார்த்தவர் நீங்கள். நீளம் கூடுதல் என்பதால் கீழே மடித்துவிட்டிருந்தது. மதியம் மாடியில் சாவிப் பலகை பார்க்கப் போயிருக்கிறார். புகையைப் பார்த்து ஓடிவந்தவருக்குப் படியில் கால் தடுக்கிவிட்டது. அந்த வழியாகப் போனவர், இழுத்து வெளியே போட்ட லாரி டிரைவர் என்னிடமே சொன்னார்: "அவிழ்ந்த பேன்ட்டு ஷூவுக்கு அடியில மாட்டியிருந்துச்சும்மா. அது மட்டும் இல்லேன்னா ஆளு வெளிய வந்திருப்பாரு."

கரன்ட் கசிவு என்று எழுதி விசாரணையை மூடிவிட்டார்கள். நானும் விதி என்று விட்டுவிட்டேன். இப்போது ராத்திரி பகல் இல்லாமல் எனக்கு ஒரு சத்தம் கேட்கிறது. நீளமான துணி தரையில் இழுபடுகிற சத்தம். ஆஸ்பத்திரி நடைபாதையில் யாராவது நடந்தால் திரும்பிப் பார்க்கிறேன்.

ரசீதைக் கிழிக்கச் சொன்னீர்கள். கிழிக்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?

வாட்ச்மேன் மனைவி


மார்ச் 27

அம்மா அவர்களுக்கு,

துக்கத்தில் இருப்பவர் என்பதால் உங்கள் கடிதத்தைப் பொறுத்துக்கொள்கிறேன். இருபத்திரண்டு வருடமாகக் கடை நடத்துகிறேன், ஒரு கைக்குட்டை காணாமல் போனது என்றுகூட யாரும் என்னைக் கேட்டது கிடையாது. தையல் கோணலாக இருப்பதை வைத்துக் குற்றம் சாட்டுவது எந்த ஊர் நியாயம்? எனக்கு நாற்பத்தெட்டு வயது. கண் மங்குகிறது. கை நடுங்குகிறது. தீ வைத்தது நானா?

தயவுசெய்து இனி எனக்கு எழுதவேண்டாம்.

டெய்லர்

எத்தனை மடிப்பு மடித்திருந்தது? அதை மட்டும் எழுதுங்கள்.


ஏப்ரல் 3

டெய்லரம்மாவுக்கு,

இரண்டு மடிப்பு. ஒவ்வொன்றும் நாலு விரல் அகலம். தையல் போடவில்லை, குண்டூசியும் குத்தவில்லை. அவிழ்ந்தது இடது கால்.

தீ வைத்தது யார் என்று நான் கேட்கவே இல்லை. யாரோ வைத்தார்கள் என்பதே உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சரியாகத்தான் இருக்கிறது.

தங்கை வீட்டுக்காரர், "இதையெல்லாம் எடுத்துக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போலாம் வாங்க, நான் கூட வர்றேன்"னு நிற்கிறார். பத்து நாள் பொறுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். உங்கள் மேல் இரக்கப்பட்டு அல்ல. முதலில் உங்கள் வாயிலிருந்து வரட்டும்.

வாட்ச்மேன் மனைவி


ஏப்ரல் 11

தங்கச்சிக்கு,

அப்படிக் கூப்பிட எனக்கு உரிமை இல்லை. வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாததால் எழுதுகிறேன்.

எனக்கு ஒரு தம்பி. அம்மா போன பிறகு நான்தான் வளர்த்தேன். அவன் அந்தக் கிடங்கில்தான் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். திருடினான் என்று சொல்லி எல்லார் முன்னாலும் சட்டையைக் கழற்றச் சொல்லிச் சோதனை போட்டு, பிறகு இல்லை என்று தெரிந்தும் வெளியே அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து அவன் முகமே மாறிவிட்டது.

பிப்ரவரி ஐந்து, செவ்வாய்க்கிழமை. உங்கள் வீட்டுக்காரரின் பேன்ட்டில் வலது காலை முடித்து முடிச்சுப் போட்டுவிட்டு, இடது காலுக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தேன். தம்பி வந்து எதிர் ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"அக்கா, வெள்ளிக்கிழமை கிடங்கைக் கொளுத்தப் போறோம். நாங்க மூணு பேரு. கிடங்குக்கு அன்னைக்கு வார லீவுதான், உள்ள ஈ காக்கா இருக்காது. சரக்கு மட்டும்தான் போகும். நீ யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது."

"டேய், வாட்ச்மேன் இருப்பாரேடா."

"அவரு கேட்லதானே நிப்பாரு. அவருக்கு ஒன்னும் ஆகாது. நீ உன் வேலையைப் பாரு."

என் வேலையைப் பார்த்தேன் தங்கச்சி. குனிந்தால் அந்த வாட்ச்மேனின் பேன்ட்தான் என் மடியில் இருந்தது.

வேண்டாம் என்று அழுதேன், காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். அவன் எழுந்து போய்விட்டான். அதற்குப் பிறகு ஸ்டேஷன் வாசல் வரைக்கும் போயிருக்க வேண்டியவள் நான். போகவில்லை. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும். உங்கள் வீட்டுக்காரரிடமாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் கேட்ட மாத்திரத்தில் ஓடிப்போய்ச் சொல்லிவிடுவார். காவல் காப்பதுதானே அவருடைய வேலை. தம்பி மாட்டிக்கொள்வான்.

அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி தோன்றியது. பேன்ட் இல்லாவிட்டால் அவர் கேட்டில் நிற்க முடியாது. நிற்க முடியாவிட்டால் வேலைக்கு வரமாட்டார். அவருக்கும் ஆபத்தில்லை, தம்பியும் தப்பிப்பான். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நினைத்தேன். கோத்த நூலை உருவி எடுத்துவிட்டு, பேன்ட்டைக் கொண்டுபோய் மாட்டினேன். புதன்கிழமை அவர் வந்தபோது சனி என்று மாற்றி எழுதினேன். லீவு போடுங்க என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டேன் என்று அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன். ஒரு டெய்லருக்குத்தான் இப்படி ஒரு முட்டாள்தனம் தோன்றும். ஊரில் இரவல் பேன்ட் என்று ஒன்று இருப்பதே எனக்கு நினைவுக்கு வரவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் கடைவாசலில் நின்று புகையைப் பார்த்தேன். திரும்பி ஹேங்கரில் இருந்த பேன்ட்டைப் பார்த்தேன். "நல்லவேளை" என்று வாய்விட்டுச் சொன்னேன். சொன்னது என் காதிலேயே இருக்கிறது, இன்றைக்கும் போகவில்லை.

சனிக்கிழமை காலையில் கடையை முதல் ஆளாகத் திறந்தேன். அவர் வருவதற்குள் இடது காலை முடித்துவிடலாம் என்று ஊசியை எடுத்தேன். ரவிக்கை வாங்க வந்த ஒரு அம்மாதான் சொன்னார்கள், கிடங்கில் வாட்ச்மேன் செத்துப்போனார் என்று. பழைய யூனிஃபார்மோடு வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். உங்கள் கடிதம் வரும்வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பேன்ட்டை அளவு போட்டுப் பார்க்கிற திரைக்குப் பின்னால் மறைத்து மாட்டினேன். தைக்காத கால் மட்டும் திரைக்குக் கீழே தரையைத் தொட்டுக்கொண்டு தெரிந்தது. வருகிறவர்கள் எல்லாம் திரை முன்னால் நின்று, "உள்ள யாரோ இருக்காங்க போல, வரட்டும்"னு காத்திருப்பார்கள். நான் "இல்ல, போங்க" என்பேன். யாரும் இல்லை என்று ஒரு நாளைக்குப் பத்து தடவை சொல்லவேண்டியிருந்தது. சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. சாயங்காலம் கடை பூட்டும்போது திரையை விலக்கிப் பார்க்காமல் நான் போனதில்லை.

நேற்று ஒரு வக்கீல் கோட்டு அளவு கொடுக்க வந்தார். தோள் அளவு எடுத்துக்கொண்டே, யாரோ ஒருத்தியைப் பற்றிக் கேட்கிற மாதிரி கேட்டேன். "அவ எதுவும் செய்யலைங்க. யார் செய்யப்போறாங்கன்னு தெரியும், அவ்வளவுதான். அவளுக்கு என்ன வந்துச்சு?"

"இந்த மாதிரிப் பெரிய குற்றம் நடக்கப்போகுதுன்னு தெரிஞ்சும் மறைச்சா, மறைச்சதே ஒரு குற்றம்மா. செஞ்சவனுக்குத் தனி, அவளுக்குத் தனி."

"அவ தடுக்கப் பார்த்தாங்க. ஒரு ஆளை அங்க போகவிடாம செய்யப் பார்த்தா."

அவர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார். "அப்ப அவளுக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கு. போகவிடாம செய்யப் பார்த்ததே அதுக்குச் சாட்சி. வாயைத் திறந்து சொல்லியிருந்தா தப்பிச்சிருப்பா" என்றார். பிறகு, "அவளை நேரா ஸ்டேஷனுக்குப் போகச் சொல்லுங்க. தாமதிக்க வேணாம்னு சொல்லுங்க" என்றும் சொன்னார். தோள் அளவைத் தப்பாக எழுதிவிட்டேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவள் நான். உங்களுக்கு அனுப்புவதற்காக இடது காலைத் தைத்தேனே, அதுவும் மறைப்பதற்குத்தான். இரண்டு காலும் ஒன்றாகிவிட்டால் செவ்வாய்க்கிழமை என்று ஒன்று நடக்கவே இல்லை என்று ஆகிவிடும் என நினைத்தேன். கை கேட்கவில்லை.

தம்பி இப்போது பின்கட்டில் குளித்துக்கொண்டிருக்கிறான். தண்ணீர் சத்தம் கேட்கிறது. அவன் வெளியே வருவதற்குள் இதை ஒட்டவேண்டும். தபால்பெட்டி ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கிறது. போட்டுவிட்டு நேரே சாலையைக் கடந்து உள்ளே போய்விடுவேன். போகமாட்டேனோ என்று எனக்கே பயமாக இருக்கிறது. அதனால்தான் முதலில் உங்களுக்குப் போடுகிறேன். இனி திரும்ப முடியாது. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

டெய்லர்


செப்டம்பர் 20

டெய்லரக்காவுக்கு,

ஜெயில் விலாசத்துக்கு எழுதினால் பிரித்துப் படித்துவிட்டுத்தான் தருவார்களாம். படிக்கட்டும்.

தீர்ப்பு நாளில் நீங்கள் என்னைப் பார்க்கவே இல்லை. உங்கள் தம்பிக்கு எத்தனை வருடம் என்று வாசித்தபோது நீங்கள் புடவைத் தலைப்பின் ஓரத்தை விரலால் எண்ணிக்கொண்டிருந்தீர்கள். உங்களுக்கு இரண்டு வருடம் என்றபோதும் எண்ணிக்கொண்டுதான் இருந்தீர்கள். அரசு வக்கீல் அந்தப் பேன்ட்டைத் தூக்கிப் பிடித்து, "இந்த வலது காலைத் தைக்கும்போது இவருக்குத் தெரியாது. இடது காலை நிறுத்தும்போது தெரியும்" என்றார். எல்லாரும் அதைப் பார்த்தார்கள். என்னைக் கூண்டில் ஏற்றி, ரசீது என் வீட்டுக்காரர் பையில் இருந்ததுதானா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். இரவல் பேன்ட் மடித்துவிடப்பட்டிருந்ததா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். இறங்கச் சொன்னார்கள், இறங்கிவிட்டேன்.

யார் மடித்தது என்று யாரும் கேட்கவில்லை.

அக்கா, அதை மடித்தது நான்.

வெள்ளிக்கிழமை காலையில் அவர் போகமாட்டேன் என்றுதான் சொன்னார். "டெய்லரக்காவே லீவு போடச் சொல்லிட்டாங்க, அப்புறம் என்ன"ன்னு காலை நீட்டிப் படுத்துக்கொண்டார். நீங்கள் போட்ட கணக்கு சரியாகத்தான் இருந்தது. நான்தான், "பேன்ட்டு இல்லேன்னு ஒருத்தன் வேலைக்குப் போகாம இருப்பானா? கேட்டா ஊரே சிரிக்கும்"னு கத்தினேன். நெட்டையர் வீட்டுக்குப் போய் இரவல் கேட்டு வாங்கிவந்ததும் நான்தான். அவர் அதைப் போட்டுக்கொண்டு நின்றபோது தரையில் உட்கார்ந்து இரண்டு காலையும் மடித்துவிட்டேன். இந்த வேலைக்கு வருவதற்கு முன்பே எனக்கு மடிப்பு கோணாது, நேராக மடித்தேன். "ரெண்டு தையல் போட்டு விடேன், அவுந்துரும்" என்றார். "அதெல்லாம் நிக்கும், கிளம்புங்க" என்றேன்.

எத்தனை மடிப்பு என்று நீங்கள் கேட்டபோது நாலு விரல் அகலம் வரைக்கும் சொன்னேனே, அது எப்படித் தெரியும் என்று உங்களுக்குத் தோன்றவில்லையா? என் விரல் அது.

உங்களுக்கு எழுதிய கடிதங்களில் எல்லாம் "மடித்துவிட்டிருந்தது" என்றுதான் எழுதினேன். கோர்ட்டிலும் அப்படியே சொன்னேன். நீங்கள் மறைத்ததற்குச் சட்டத்தில் ஒரு பெயர் இருக்கிறது, இரண்டு வருடம் என்று ஒரு கணக்கும் இருக்கிறது. நான் மறைத்ததற்கு ஒன்றும் இல்லை. எனக்கு எத்தனை வருடம் என்று யார் சொல்வார்கள்? தங்கையிடம்கூடச் சொல்லவில்லை. இந்த உலகத்தில் இதைச் சொல்ல எனக்கு உங்களை விட்டால் யாரும் இல்லை என்பதை நினைத்தால் கோபம்தான் வருகிறது.

இப்போது ஆஸ்பத்திரியில் விரிப்பு மடிக்கும்போது இரண்டாவது மடிப்பில் என் கை நின்றுவிடுகிறது. பக்கத்தில் இருப்பவள், "என்னடி, தூங்கிட்டியா?" என்று கேட்கிறாள். அந்தத் துணி இழுபடுகிற சத்தமும் இன்னும் கேட்கிறது. நீங்கள் உள்ளே போனால் நின்றுவிடும் என்று நினைத்தேன்.

வழக்கு முடிந்து பேன்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நம்பர் எழுதிய அட்டை இன்னும் அதில் தொங்குகிறது.

வாட்ச்மேன் மனைவி


அக்டோபர் 2

தங்கச்சிக்கு,

இங்கே என்னைத் தையல் பிரிவில்தான் போட்டிருக்கிறார்கள். கத்தரியைச் சங்கிலியால் மேஜையோடு கட்டி வைத்திருக்கிறார்கள். உங்கள் கடிதத்தை மேஜைக்கு அடியில் வைத்து நாலு தடவை படித்தேன்.

நீங்கள் மடித்தபோது உங்களுக்கு ஒன்றும் தெரியாது. வேலைக்குக் கிளம்புகிற புருஷனுக்குப் பேன்ட்டை மடித்துவிட்டீர்கள், அவ்வளவுதான். நான் தைக்காமல் விட்டபோது எனக்குத் தெரியும். உங்கள் மடிப்பு அவிழும் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? கிடங்கு எரியும் என்பது எனக்கு மூன்று நாள் முன்னாலேயே தெரியும். கோர்ட் இதைச் சரியாகத்தான் பார்த்தது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நீங்கள் எத்தனை மடிப்பு மடித்திருந்தாலும் அவர் சனிக்கிழமை கடைக்கு வந்திருப்பார். என் பங்கிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ளாதீர்கள். அது முழுக்க எனக்கு வேண்டும்.

அந்தச் சத்தம் உங்களுக்குக் கேட்கிறது என்கிறீர்கள். எனக்கும் கேட்கிறது. இங்கே எல்லாருக்கும் ஒரே அளவில் உடை, குட்டையானவர்களுக்குத் தரையில் இழுபடும். யாராவது இரண்டு தையல் போட்டுத் தரச் சொன்னால் உடனே போட்டுக் கொடுத்துவிடுகிறேன். நாளைக்கு என்று யாருக்கும் சொல்வதில்லை.

ஓர் உதவி செய்யுங்கள். பேன்ட்டின் இடது காலைப் பிரித்துவிடுங்கள். அது பொய்த் தையல். அவர் புதன்கிழமை பார்த்துச் சிரித்தாரே, அப்படியே இருக்கட்டும். பிளேடு வைக்காதீர்கள், துணி கிழிந்துவிடும். உள்பக்கம் துணியின் இரண்டு பாகமும் மூட்டிச் சேர்த்த இடத்தில் நூலின் நுனி இருக்கும். வேலை தெரிந்த நாளிலிருந்து நான் முடிச்சுப் போடாமல் ஒரு தையலை விட்டதில்லை. அதில் மட்டும் போடவில்லை. மெதுவாக இழுங்கள், வந்துவிடும்.

டெய்லர்